பாரிஸ் அத்தானுக்கு எந்த பியர் வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். இருபது வருஷமாகப் பாரிஸில் இருக்கும் அத்தான் டிசம்பரில் இரண்டு கிழமை வெள்ளவத்தை வீட்டில் வந்து நிற்கப்போகிறார். போர்தோ றெட் வைன் தவிர எதையும் தொடமாட்டார். வீட்டில் மற்ற எல்லாரும் பியர் குடிப்பவர்கள். இறக்குமதி வைனுக்கு இங்கே இருக்கும் விலையில் இரண்டு கிழமைக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாது. "பியர் எனக்குக் கசக்கும்" என்று சொல்லும் அத்தானுக்குப் பிடிக்கக்கூடிய பியர் ஏதும் உண்டா?

உண்டு. ஒன்று கொழும்பிலேயே இருக்கிறது. மற்றவற்றை அத்தான் தன் கையாலேயே பாரிஸில் வாங்கிக்கொண்டு வரலாம்.

கொழும்பு ஹோட்டல் பார்களில் நான் பதினைந்து வருஷம் நின்றவன். வைன் குடிக்கிற விருந்தினர் பியர் கேட்டால், ஆரம்ப காலத்தில் நானும் ஐஸ் போலக் குளிர்ந்த லாகரைத்தான், அதாவது வழக்கமான வெளிர் பியரைத்தான், கொண்டுபோய் வைத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பியர் பிடிக்கவில்லை என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அந்த ஒரு பியர் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் நாக்கில் நடப்பதைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆறு சுவையில் நாம் கசப்பையும் துவர்ப்பையும் வேறு வேறாக எண்ணிப் பழகியவர்கள். பாகற்காய் கசப்பு. நாவற்பழமும் வாழைப்பூவும் துவர்ப்பு. அதிக நேரம் ஊறிய பிளேன்டீயைக் குடித்தால் கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அதுவும் துவர்ப்புதான். றெட் வைனில் இருப்பது இந்தத் துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் ஓக் பீப்பாயிலும் இருந்து வரும் டனின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாய் வறண்டதுபோல் ஆகிறது. பியரில் இருப்பது பெரும்பாலும் ஹொப்ஸ் பூவைக் கொதிக்கவைப்பதால் வரும் கசப்பு. ஆகவே அத்தான் "கசக்கும்" என்று சொன்னால் அது வெறும் சாட்டு இல்லை. அவருடைய நாக்கு துவர்ப்புக்குப் பழகியது, கசப்புக்கு இல்லை.

புளிப்பும் அப்படித்தான். றெட் வைனின் பீ.எச். அளவு ஏறக்குறைய 3.3 முதல் 3.7 வரை இருக்கும். சாதாரண பியர் 4க்கு மேலே நிற்கும். இந்த எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். வைனுக்குப் பழகிய வாய்க்கு லாகர் சப்பென்று இருக்க இது ஒரு காரணம். பழ வாசம் இல்லாதது இன்னொரு காரணம். அதிகம் குளிர்ந்திருப்பது மூன்றாவது.

இதனால்தான் வைன் பிரியர்களுக்கு ஐ.பி.ஏ. (ஹொப்ஸ் தூக்கலான 'இந்தியா பேல் ஏல்' என்ற பியர்) கொடுக்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. "வைன் மாதிரி வலுவான சுவை, மணமும் அதிகம்" என்பார்கள். வெள்ளை வைன் குடிக்கிற ஆளுக்கு அது சிலவேளை சரிவரும், ஏனென்றால் அந்த ஹொப்ஸில் தோடம்பழமும் மாம்பழமும் மணக்கும். போர்தோ குடிக்கிறவருக்கு அது கசப்பின் மேல் கசப்பு. முதல் நாளே அதைக் கொடுத்தால் இரண்டாவது போத்தலுக்கு அத்தான் வரமாட்டார்.

சரி, கொழும்பில் இருப்பது எது? லயன் ஸ்டவுட் என்ற கறுத்த பியர். நாம் சிறு வயதிலிருந்தே பார்த்த போத்தல் என்பதால் அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. 1881இல் நுவரெலியாவில் தொடங்கிய மதுசாலையின் வழியில் வந்தது. இப்போது பியகமவில் வடிக்கிறார்கள். 8.8 வீதம் அல்ககோல். பியர் பற்றி எழுதி உலகம் முழுக்க அறியப்பட்ட ஆங்கிலேயர் மைக்கல் ஜாக்சன் (பாடகரின் பெயர்தான், ஆள் வேறு, 2007இல் காலமானார்) இங்கே வந்து குடித்துப் பார்த்து மனமாரப் பாராட்டிய பியர் இது. அவர் எழுதிய பிறகுதான் வெளிநாட்டில் பலர் இதைத் தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பியர் நடுவர்களுக்காகத் தயாரித்த வகைப் பட்டியலில் 'ட்ரொப்பிக்கல் ஸ்டவுட்' என்று தனி வகையே இருக்கிறது, அதற்கு உதாரணமாகச் சொல்லும் பியர்களில் லயன் ஸ்டவுட்டும் ஒன்று. பிரிட்டிஷ் காலத்தில் கப்பலேறி வெப்ப நாடுகளுக்குப் போன கடும் ஸ்டவுட்களின் வழியில், அந்தந்த ஊர்களிலேயே வடிக்கத் தொடங்கிய வகை அது. ஜமேக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் இதே குடும்பம். கசப்புக் குறைவு, இனிப்பும் பழ வாசமும் கூட. அயர்லாந்து ஸ்டவுட்டின் வறண்ட கருகல் இதில் இல்லை.

வாசத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் கண்டது கோப்பி, கறுப்புச் சொக்லேட், கித்துள் பாணி, பேரீச்சம்பழம், கொஞ்சம் முந்திரிகை வற்றல். நல்ல வெயில் கண்ட திராட்சையில் செய்த தடித்த றெட் வைனிலும் இவற்றில் பாதி இருக்கும். புளிப்பும் துவர்ப்பும் வைன் அளவுக்கு வராது, ஆனால் வறுத்த மோல்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) ஒரு சின்ன இழுப்பைக் கொடுக்கும். உடம்பு கனம். அவசரமாகக் குடிக்க முடியாது. வைன் குடிக்கிறவர்கள் விரும்புகிற நிதானம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கொடுக்கிற விதத்தில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது, அதனால் இதைக் கவனமாகச் செய்யுங்கள். போத்தலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 20, 25 நிமிஷம் மேசையில் விடுங்கள். கொழும்புச் சூட்டில் அது போதும், 12 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜின் 4 பாகைக் குளிரில் பழ வாசம் எழும்பாது, இனிப்பு ஒளிந்துகொள்ளும், கசப்பும் கருகலும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அறைச் சூட்டிலேயே விட்டுவிடவும் வேண்டாம். 30 பாகையில் அல்ககோல் மூக்கில் குத்தும். ஐஸ் போடவே வேண்டாம். அப்புறம், பியர் மக்கை எடுக்காதீர்கள். வீட்டில் இருக்கிற வைன் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஊற்றிக் கொடுங்கள். நுரை அடங்கவிட்டு ஒருதரம் சுழற்றச் சொல்லுங்கள். காஸ் கொஞ்சம் போய்விடும், போகட்டும். வைன் வாய்க்குக் காஸ்தான் பெரிய தொந்தரவு. இப்படிக் கொடுத்தபோது "இது என்ன, போர்ட் வைனா?" என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி அத்தான் கொண்டுவர வேண்டியவை. பாரிஸில் இருப்பவருக்குப் பெல்ஜியம் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெல்ஜியப் பியர்கள் நமக்கு இங்கே எப்போதாவது ஒரு சூப்பர்மார்க்கெட் தட்டிலோ ஹோட்டலிலோதான் கண்ணில் படும். விமான நிலையத்தில் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய அளவை முன்கூட்டியே பார்த்துவிட்டு, உடுப்புக்கு நடுவில் சுற்றி நாலைந்து போத்தல் வைக்கச் சொல்லுங்கள்.

எதைக் கொண்டுவரச் சொல்வது என்பது அவருக்கு வைனில் எது பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: இளம் வைனா, கிடப்பில் இருந்து பழையதாகின வைனா? புளிப்புத் தூக்கலாக இருப்பதா, பழம் தூக்கலாக இருப்பதா?

புளிப்பும் துவர்ப்பும் என்றால் கேள்விக்கே இடமில்லை, பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் வட்டாரத்துச் சிவப்புப் பியர்தான். ஒரு றெட் வைன் பிரியருக்கு ஒரே ஒரு பியர்தான் காட்டலாம் என்று என்னைக் கட்டுப்படுத்தினால் நான் எடுப்பது ரோடன்பாக் கிராண்ட் க்ரூ. மேற்குப் பெல்ஜியத்தின் ரூஸலாரே ஊரில் 1821இல் தொடங்கிய மதுசாலை. அங்கே ஆள் உயரத்தை விடப் பெரிய 294 ஓக் மரத் தொட்டிகள் நிற்கின்றன. அவற்றுக்குள் பியர் இரண்டு வருஷம் கிடக்கிறது. மரத்தின் இடுக்குகளில் குடியிருக்கும் பக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் மெதுவாக அதைப் புளிக்கவைக்கின்றன, மரத்திலிருந்து கொஞ்சம் டனினும் இறங்குகிறது. கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் பழையது, மீதி இளம் பியர். 6 வீதம் அல்ககோல். நிறமே செங்கபிலம். மூக்குக்குச் செர்ரி, ஓக், ஒரு துளி வினாகிரி. வாயில் புளிப்பும் இழுப்பும். ஹொப்ஸ் கசப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். முன்பு சொன்ன மைக்கல் ஜாக்சனே இந்த வகைப் பியர்களைப் பெல்ஜியத்தின் பேர்கண்டி வைன் என்று சொன்னவர். கண்ணைக் கட்டிக் கொடுத்தால் பியர் என்று சொல்லவே பலருக்கு நேரமெடுக்கும்.

அது அதிகப் புளிப்பு என்று பட்டால் அதே வட்டாரத்தின் டுஷெஸ் த பூர்கோன் இருக்கிறது, 6.2 வீதம். பேர்கண்டி அரச குடும்பத்தின் மேரி என்ற இளவரசியின் படம் லேபிளில் இருக்கும். கடையில் தேட அது உதவும். எட்டு மாதப் பியரையும் பதினெட்டு மாதப் பியரையும் கலந்து செய்கிறார்கள். இனிப்பு அதிகம், அதனால் முதல் தடவைக்கு இது சுலபம். பல்சாமிக் வினாகிரி வாசம் பிடிக்காதவர்கள் இதைக் கண்டு ஒதுங்குவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பழம் தூக்கலாக, மெத்தென்று இருக்கும் வைன்தான் பிடிக்கும் என்றால் மடாலயப் பியர் பக்கம் போங்கள். வெஸ்ட்மாலே டுப்பெல் 7 வீதம், ஷிமே சிவப்பு 7 வீதம், ஷிமே நீலம் 9 வீதம். த்ரப்பிஸ்ட் துறவிகளின் மடங்களோடு இணைந்த மதுசாலைகளில் வருபவை. ஈஸ்ட் கொடுக்கும் பழ வாசமும் கருஞ்சீனிப் பாகும் சேர்ந்து முந்திரிகை வற்றல், அத்திப்பழம், ஒரு பொடிக் கராம்பு என்று மணக்கும். ஷிமே பிரான்சில் தேடித் திரிய வேண்டிய பொருளே இல்லை. ரொஷ்ஃபோர் 10 கிடைத்தால் ஒன்றை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். 11.3 வீதம். அதைச் சாப்பாட்டோடு திறக்க வேண்டாம். நத்தார் இரவில் கஜுவும் பூசணித் தோசியும் பிராண்டியும் போட்டு நம் ஊரில் செய்கிற கிறிஸ்மஸ் கேக் வெட்டும்போது, ஆளுக்கு நாலு வாய் வருமாறு ஊற்றுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்கப்போவதில்லை, செய்து பாருங்கள்.

லாம்பிக் என்ற பெல்ஜியப் பியர் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் அதை யாழ்ப்பாணத்து ஆளுக்கு ஒரே வரியில் விளக்கிவிடலாம்: கள் புளிப்பது எப்படியோ அப்படித்தான். பனையில் கட்டிய முட்டியில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, காற்றிலும் முட்டியிலும் இருப்பது தானாக வேலை செய்கிறது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் கொதித்த மோல்ட் சாற்றை அகலத் தட்டில் ஓரிரவு திறந்தபடி ஆறவிடுகிறார்கள். குளிர் மாதங்களில் மட்டும், அப்போதுதான் கெட்ட கிருமி குறைவு. பிறகு பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருஷம். கள்ளுக்கு அரை நாள் போதும் என்பதுதான் வித்தியாசம். வெறும் லாம்பிக்கையும், வெவ்வேறு வயதுப் பீப்பாய்களைக் கலந்த கூஸையும் அத்தானுக்கு முதலில் கொடுக்க வேண்டாம், கடும் புளிப்பு. செர்ரிப் பழத்தை ஊறவைத்த கிரீக் சரியான வாசல். லிண்டமன்ஸ் கிரீக் இனிப்பூட்டியது, வைன்காரருக்குச் சர்பத் போலத் தோன்றலாம். போன் கிரீக் நடுவில் நிற்கும். பிரஸ்ஸல்ஸில் 1900இலிருந்து இயங்கும் கான்டியோன், மெர்லோ திராட்சையை லாம்பிக்கில் ஊறவைத்து சான் லாம்வினுஸ் என்று ஒன்று செய்கிறது. போர்தோவின் முக்கியத் திராட்சையே பியருக்குள் வந்துவிடுகிறது. எளிதில் கிடைக்காது, கண்டால் விடக்கூடாது.

பழைய போர்தோ குடிக்கிற ஆள் என்றால் ஓர்வால் என்ற பெல்ஜியப் பியர். 6.2 வீதம். போத்தலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். 1904இல் கொப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் கிளாவுஸன் என்பவர், அக்கால ஆங்கிலப் பியருக்கு அதன் தனிச் சுவையைத் தந்தது இதுதான் என்று கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். வைனில் இதே ஈஸ்ட் புகுந்தால் தோலும் தொழுவமும் கலந்த ஒரு வாசம் வரும். பழைய பிரெஞ்சு றெட் வைன் சிலவற்றில் அதைத்தான் ரசிக்கிறார்கள். ஓர்வாலில் கசப்பு நன்றாகவே இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். அதனால் கடைசி நாட்களுக்கு வையுங்கள்.

சாப்பாட்டு மேசையில்தான் பியர் வைனை வெல்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். அத்தான் வருகிறார் என்றால் அக்கா யாழ்ப்பாணத் தூள் போட்டு ஆட்டிறைச்சிக் கறி வைப்பார், பிட்டு அவிப்பார். அந்த உறைப்புக்கு முன்னால் டனின் நிறைந்த வைன் நிற்காது. அல்ககோல், மிளகாய் கிளப்பும் அதே எரிவு நரம்பைத்தான் கிளப்புகிறது, 13.5 வீத வைன் உறைப்பைக் கூட்டும். துவர்ப்பு வாயை வறளவைத்து மேலும் எரியச் செய்யும். மோல்ட்டின் மிச்ச இனிப்பு அதை ஆற்றும். இன்னொன்றும் இருக்கிறது. நம் தூளில் மல்லியையும் மிளகாயையும் கருக்காமல் நிறம் மாற வறுக்கிறோம். ஸ்டவுட்டுக்கும் பார்லியை அப்படித்தான் வறுக்கிறார்கள். இரண்டிலும் வருவது வறுப்பில் பிறக்கும் ஒரே வகை மணம், அதனால் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். கறுத்த பன்றிக் கறி, மட்டன் ரோல்ஸ், மாட்டிறைச்சிப் பொரியல் எல்லாவற்றுக்கும் ஸ்டவுட்டோ டுப்பெல்லோ போகும். நண்டுக் கறிக்கு மட்டும் வேண்டாம். நண்டின் இனிப்பை அது மூடிவிடும். அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து அவரும் லாகர் குடித்துப் பார்க்கலாம்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இறக்குமதிப் பியரைக் கண்டால் முதலில் திகதியைப் பாருங்கள், பிறகு அது நின்ற இடத்தைப் பாருங்கள். பச்சைப் போத்தல் கண்ணாடி அலுமாரியில் வெளிச்சத்தில் நின்றிருந்தால் ஹொப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வந்திருக்கும். சூட்டில் நின்ற வெளிர் பியர் நனைந்த காட்போர்ட் போல மணக்கும். கறுத்த, அல்ககோல் கூடிய, புளித்த வகைகள் இந்த ஊர்ச் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனாலும் குளிரூட்டிய கடையில் வாங்குவது நல்லது. லயன் ஸ்டவுட் ஊரிலேயே வடித்து வேகமாக விற்றுப்போவதால் இந்தக் கவலை குறைவு.

அளவையும் சொல்லியாக வேண்டும். லயன் ஸ்டவுட்டின் 625 மில்லி போத்தலில் 8.8 வீதம் என்றால் 55 மில்லி சுத்த அல்ககோல். 150 மில்லி வைன் கிளாஸில், 13.5 வீதத்தில், 20 மில்லி. ஆக ஒரு பெரிய போத்தல் கிட்டத்தட்ட மூன்று கிளாஸ் வைனுக்குச் சமம். "பியர்தானே" என்று லாகர் வேகத்தில் இரண்டு போத்தல் குடித்தால் அது ஒரு முழு வைன் போத்தலை மிஞ்சும். ஒரு போத்தலை இரண்டு பேர் பங்கிடுங்கள். வைன் கிளாஸில் ஊற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் வரிசை இப்படி இருக்கும்: வந்த மறுநாள் இரவு, ஆட்டிறைச்சிக் கறியோடு லயன் ஸ்டவுட். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக்கு முன் டுஷெஸ், அதற்கடுத்த நாள் ரோடன்பாக். நடுவில் டுப்பெல். அவர் நிற்கிற இரண்டு கிழமைக்குள் போயா தினம் வந்தால் அன்றைக்கு எந்த வைன் ஸ்டோர்ஸும் திறக்காது, சூப்பர்மார்க்கெட்டிலும் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.